இரண்டு குழாய்க்குப் பதிலாக ஒரு மிக்ஸர்: எங்கள் குளியலறையில் செய்து பார்த்தது

எங்கள் வீட்டில் கீசர் குழாய் தனி, பச்சைத் தண்ணீர்க் குழாய் தனி. இரண்டையும் வாளியில் பிடித்து, கலந்து, பதம் பார்த்துத்தான் குளிக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு குனிந்து மொண்டு ஊற்றுவது பெரிய பாடாகிவிட்டது. அதனால் மேல் ஷவரும் கை ஷவரும் சேர்ந்த வால் மிக்ஸர் (சுவரில் மாட்டி, சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் உள்ளேயே கலந்து தருவது) ஒன்றை வாங்கினேன். நானே மாட்டுவது என்று முடிவு.

சனிக்கிழமை காலை கீசர் சுவிட்சை அணைத்து, மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடிவிட்டுப் பழைய குழாய்களைக் கழற்றினேன். அளந்தால் சுவரில் பைப் வெளியே வரும் இரண்டு வாய்க்கும் நடுவே 210 மி.மீ. மிக்ஸருக்கு வேண்டியது 150. கூட வரும் வளைந்த பித்தளைக் கால்களைத் திருப்பிக் கொஞ்சம் சரிக்கட்டலாம், 60 மி.மீ. முடியவே முடியாது. வேறு வழியில்லை, இரண்டு டைல்ஸை உடைத்தேன்.

வலப்பக்கம் இருக்கும் பச்சைத் தண்ணீர் பைப்பை நறுக்கி, சிபிவிசி (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக்) எல்போ என்ற வளைவுத் துண்டு போட்டு இடப்பக்கம் நகர்த்தினேன். இங்கேதான் கவனம் வேண்டும். ஒட்டும் கரைசல் சில நொடிகளில் பிடித்துவிடும், அதன் பிறகு திருப்ப முடியாது. அதனால் ஒரு மரச்சட்டத்தில் 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டு, இரண்டு வாயிலும் நிப்பிள் என்ற சின்னத் திருகு பைப்பைத் திருகி, சட்டத்தை அதில் மாட்டி, மேலே ரசமட்டம் வைத்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வாயும் ஒரே மட்டத்தில், சுவரிலிருந்து ஒரே அளவு வெளியே நின்றன.

ஞாயிறு மாலை இரண்டு வாயையும் டம்மி (தற்காலிக மூடி) போட்டு அடைத்து வால்வைத் திறந்தால் ஒரு பக்கம் சொட்டுகிறது. கசியாமல் இருக்கத் திருகின் மேல் சுற்றும் டெஃப்லான் டேப்பைத் திருகு இறுகும் திசைக்கு எதிராகச் சுற்றியிருக்கிறேன். முறுக்க முறுக்க அது பிரிந்து வந்துவிட்டது. சரியான திசையில் மறுபடி சுற்றி, ராத்திரி முழுக்க தண்ணீரை விட்டுவைத்தேன். காலையில் காய்ந்து கிடந்தது. அப்புறம்தான் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டினேன்.

மிக்ஸர் அழகாக உட்கார்ந்தது. மேல் ஷவர்தான் ஏமாற்றியது. ஆசையாக வாங்கிய 8 இன்ச் தட்டில் தண்ணீர் நூல் நூலாக ஒழுகியது. காரணம் எளிது: தொட்டித் தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். எங்களுடையது ஒற்றை மாடி. தொட்டியின் அடிக்கும் ஷவருக்கும் நடுவே 6 அடிதான், அதாவது 0.2 பார்கூட இல்லை. அதைப் பெரிய தட்டில் பரப்பினால் என்ன மிஞ்சும்? 4 இன்ச் ஷவராக மாற்றியதும் குளிக்கிற அளவுக்கு வந்தது. பிரஷர் பம்ப் யோசிப்பவர்கள் இரண்டு லைனுக்கும் சேர்த்தே போடுங்கள். ஒன்றுக்கு மட்டும் போட்டால், அழுத்தம் கூடிய தண்ணீர் மிக்ஸர் வழியாக மற்ற லைனுக்குள் தள்ளும்.

கை ஷவரில் இந்தக் கஷ்டமே இல்லை. கீழே பிடிக்கப் பிடிக்க வேகம் கூடுகிறது. இன்று காலை அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடி, யாரையும் கூப்பிடாமல், தலைக்குக் குளித்துவிட்டு வந்தார்.