ரிகர்ஷன் சொல்லித்தர ஃபேக்டோரியலை விட மக்கள்தொகைக் கணக்கு மேல்

பிளஸ் டூவிலும் சரி, கல்லூரி முதல் வருடத்திலும் சரி, ரிகர்ஷன் (புரோகிராமில் ஒரு ஃபங்ஷன், அதாவது பெயர் வைத்த ஒரு வேலை, தன்னையே அழைத்து விடை காண்பது) என்றாலே ஃபேக்டோரியலில்தான் ஆரம்பிக்கிறோம். 5இன் ஃபேக்டோரியல், அதாவது 5×4×3×2×1, 120 என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் போட்டால் முடிகிற வேலைக்கு ஏன் இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறோம் என்று கேட்கவும் தயக்கம், அதனால் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் மக்கள்தொகையில் தொடங்குவதற்குக் காரணம் அதுதான்.

போர்டில் ஒரே கேள்வி: 2021இல் தமிழ்நாட்டு மக்கள்தொகை எவ்வளவு? அந்த வருடம் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனதால் எண்ணிச் சொன்ன விடை யாரிடமும் கிடையாது. வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் கூடுவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றால் போதும், யாராவது ஒருவர் "2020 தெரிஞ்சா சொல்லிடலாம் சார்" என்பார். 2020க்கு 2019 வேண்டும், அதற்கு 2018... இப்படியே இறங்கி 2011க்கு வந்தால் 7,21,47,030 என்று ஆள் வைத்து எண்ணிய எண் கிடைக்கிறது, அதற்குக் கீழே போக வேண்டியதில்லை. பேஸ் கேஸ் என்ற பெயரை அந்த இடத்தில் சொல்லுங்கள், முன்னாலேயே சொல்லாதீர்கள்.

அப்புறம் சின்ன எண்ணுக்கு வந்துவிடலாம். ஊரில் 5000 பேர், வருடத்துக்கு 10 சதவீதம் வளர்ச்சி. ஊர்(3) = ஊர்(2) × 1.1, ஊர்(0) = 5000, அவ்வளவுதான். இதை பெஞ்சு வரிசையில் நடத்திப் பாருங்கள், கடைசி பெஞ்சு முன் பெஞ்சைக் கேட்க வேண்டும், 5000 என்று எழுதிய சீட்டு முதல் பெஞ்சிடம் மட்டும். கேள்வி முன்னால் போவது எல்லோருக்கும் புரிந்துவிடும், விடை திரும்பி வரும் வழியில்தான் தடுமாறுவார்கள். ஒவ்வொருவரும் "× 1.1 பாக்கி" என்று நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்லுங்கள், பாக்கி வேலைகளைக் கம்ப்யூட்டர் அடுக்கிவைக்கும் ஸ்டாக் பற்றித் தனியாக லெக்சர் எடுக்கத் தேவை இருக்காது. விடை 5500, 6050, 6655 என்று திரும்பி வரும். நான்காம் வருடம் கேட்டால் 7320.5 வரும், அரை ஆள் யார் என்று வகுப்பே சிரிக்கும். சிரிக்கட்டும், உடனே விடாமல் தசமத்தை ஒவ்வொரு வருடமும் வெட்டுவதா கடைசியில் மட்டும் வெட்டுவதா என்று கேளுங்கள். எட்டாம் வருடம் ஒன்றில் 10716, மற்றதில் 10717.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கூட்டுவட்டி சூத்திரமே போதுமே என்று எழுந்து நிற்கும். அது சரிதான், மறுக்காதீர்கள். வருடா வருடம் 200 பேர் வேலைக்காக ஊரை விட்டுப் போகிறார்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். 5300, 5630, 5993 என்று போகிற இந்தக் கணக்குக்கும் சூத்திரம் உண்டு, ஆனால் அது சட்டென்று கைக்கு வராது, ரிகர்ஷனில் ஒரு கழித்தல்தான் கூடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கேள்வியைத் திருப்பிப் போடுவதுதான்: 5000 பேர் 10000 ஆக எத்தனை வருடம் ஆகும்? இப்போது ஃபங்ஷனுக்குள் போவது வருடம் இல்லை, மக்கள்தொகை. ஒவ்வொரு அழைப்பிலும் அது குறையாமல் கூடுகிறது, 'எண் சின்னதாகிக்கொண்டே போக வேண்டும்' என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பாதிப் பேர் 10000க்குச் சமமானால் நிறுத்து என்றும் எழுதியிருப்பார்கள். ஏழாம் வருடம் 9743ஐத் தாண்டி, எட்டாம் வருடம் 10717ஐயும் தாண்டிவிடும், சமம் ஆகவே ஆகாது, அழைப்பும் நிற்காது. பைத்தான் மொழியில் வழக்கமான எல்லை 1000 அழைப்பு, அதை முட்டி ரிகர்ஷன் எரர் வருவதை அவர்களே ஓட்டிப் பார்க்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு திருத்த வேண்டாம்.

முயல் கணக்கைக் கடைசிக்கு வையுங்கள். 1202இல் ஃபிபொனாச்சி என்ற கணித அறிஞர் தன் கணக்குப் புத்தகத்தில் போட்டது: ஒரு மாதத்து முயல் ஜோடிகள் எத்தனை என்றால் முந்தைய இரண்டு மாத எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அதில் ஒரு அழைப்பு இரண்டாகப் பிரிவதால் ஆரம்பத்திலேயே கொடுத்தால் குழப்பிவிடும். முதல் இரண்டு மாதத்தை (தலா 1 ஜோடி) பேஸ் கேஸாக வைத்து முயல்(6)க்கு மரம் வரையச் சொன்னால் விடை 8, அழைப்பு 15. முயல்(30) விடை 8,32,040, அழைப்பு 16,64,079! ஒரே மாதத்தை ஏன் திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறோம், எழுதிவைத்துக்கொள்ளலாமே என்று மரத்தைப் பார்த்து அவர்களே கேட்பார்கள்.

பரீட்சைக்கு என்று பார்த்தால், 'வெளியீடு என்ன' கேள்விக்கு மேலே சொன்ன "பாக்கி" வரிகளை மார்ஜினில் எழுதிப் பழகினாலே போதும். வீட்டுப்பாடத்துக்கு இதைக் கொடுங்கள்: முயல் ஜோடி மூன்று மாதம்தான் வாழும், இரண்டாம் மாதத்திலிருந்து அது போடும் குட்டி ஜோடி அடுத்த மாதக் கணக்கில் சேரும், கடைசி ஜோடியைப் போட்டதும் செத்துவிடும். 1, 1, 2, 2, 3, 4, 5, 7 என்று வர வேண்டும். எத்தனை பேஸ் கேஸ் வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.