ஸ்விட்ச் ரூம் வேணாம்னா கரண்ட் மிச்சமா?

பெரிய ஆஃபீஸ் பில்டிங்ல மாடிக்கு ஒரு குட்டி ரூம் இருக்கும் பாருங்க, உள்ள அந்த மாடி கம்ப்யூட்டரையெல்லாம் நெட்வொர்க்ல இணைக்கற ஸ்விட்ச் பெட்டி, யுபிஎஸ், அதுங்க சூட்டுக்கு ஒரு ஏசி, ராத்திரி ஆளே இல்லாட்டியும் மூணும் ஓடிட்டேதான் இருக்கும். காப்பர் கேபிள்ல ஈதர்நெட் (ஆஃபீஸ் நெட்வொர்க் இணைப்பு) 100 மீட்டர்தான் போகும், அதனால நடுவுல ஸ்விட்ச் வெச்சே ஆகணும்.

பாசிவ் ஆப்டிகல் நெட்வொர்க்ல (பான்), அதாவது நடுவுல கரண்டே இல்லாம கண்ணாடி இழை ஃபைபர்ல வெளிச்சமா டேட்டா போற முறைல, அந்த ரூமே வேணாம். கீழ ஓஎல்டின்னு ஒரு மெயின் பெட்டி, அங்கேர்ந்து ஒத்தை இழை ஃபைபர் மேல போகும், வழியில ஸ்ப்ளிட்டர்னு ஒரு டப்பா வெளிச்சத்தை 32 பங்கா பிரிச்சு விடும், அதுக்கு கரண்டும் வேணாம் ஏசியும் வேணாம். இதுல ஜிபான்னு ஒரு வகை 20 கிலோமீட்டர் வரைக்கும் போகும், அதுக்கு 20 மாடியெல்லாம் ஒரு தூரமா!

ஆனா விக்கறவங்க இன்னொன்னை மட்டும் மெதுவாத்தான் சொல்வாங்க. டெஸ்க் பக்கத்துல, ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தை கம்ப்யூட்டருக்கு மாத்தித் தர்ற ஓஎன்டி பெட்டி வெக்கணும், அது கரண்ட் இழுக்கும். ஐபி ஃபோன், கேமரா, வைஃபை ஆக்சஸ் பாயிண்ட்டுக்கு பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாவே கரண்ட்) வேணும்னா கண்ணாடி இழைல கரண்ட் வராது, ஓஎன்டிதான் தரணும், அப்போ அங்கங்க பேக்கப்பும் யோசிக்கணும். மேல மிச்சமானதுல ஒரு பங்கு இங்க போயிடும், கணக்கு போடறப்போ இதை விட்டுடாதீங்க.

அப்புறம் ஸ்பீடு. ஜிபான்ல டவுன்லோடு 2.5, அப்லோடு 1.25 ஜிபிபிஎஸ், அதையும் 32 ஓஎன்டியும் பங்கு போட்டுக்கணும். மெயில், வீடியோ காலுக்கு தாராளம். வீடியோ எடிட்டிங் டீம்னா இதைவிட வேகமான எக்ஸ்ஜிஎஸ் பான் வகையைப் பாருங்க, ரெண்டு பக்கமும் 10 ஜிபிபிஎஸ், போட்ட ஃபைபரும் ஸ்ப்ளிட்டரும் அப்படியே இருக்கும், ரெண்டு முனைலயும் பெட்டிதான் மாறும். பத்து பேர் ஆஃபீஸுக்கு இதெல்லாம் எதுக்கு, ஒரு ஸ்விட்ச் போதும்.