பெர்லின் மருத்துவமனையில் என் மாமியாரின் ரவுண்ட்ஸ்

மருமகனாக வாய்த்தவன் மாமியாருக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஜெர்மன் மொழித் தொடர் ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும் வேலையை மட்டும் ஏற்கக் கூடாது.

அத்தைக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. தூரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடி எழுதித்தர இன்னும் சில வாரங்கள் ஆகும் என்பதால் எழுத்துதான் பிடிபடவில்லை. என் மனைவி அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தாள். மாலை நேரத்து நெடுந்தொடர்களை அத்தை தொடுவதே இல்லை. “மயங்கி விழுந்தவளுக்கு ஒருத்தியாவது நாடி பார்க்கிறாளா? சுற்றி நின்று அழுகிறார்கள்” என்பார். அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். வார்டையே பார்த்து வாழ்ந்தவருக்கு வார்டையே காட்டுவோம் என்று ‘ஷாரிட்டே’யின் முதல் சீசனைப் போட்டேன். 2017இல் ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியில் வந்தது. ஆறே பகுதிகள்தான். கதை நடப்பது 1888இல், பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில். திரையில் ஓடுவது ஜெர்மன், கீழே ஓடுவது ஆங்கிலம், சோபாவில் ஓடுவது என் தமிழ்.

தொடக்கத்திலேயே ஈடா என்ற அநாதைப் பெண் குடல்வால் அழற்சியோடு வந்து சேர்கிறாள். டாக்டர் எமில் பெரிங் அறுத்துப் பிழைக்க வைக்கிறார். செலவைக் கட்ட அவளிடம் காசு இல்லை. அங்கேயே உதவிப் பணிப்பெண்ணாக உழைத்துக் கடனைக் கழிக்க வேண்டியதுதான். உருக்கமான இடம். நானும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

“தையல் பிரித்தாகிவிட்டதா, மாப்பிள்ளை?”

“அது காட்டவில்லை, அத்தை.”

“காட்டாமல் எப்படி? வயிற்றைக் கிழித்தவளைக் குனிந்து தரை துடைக்க விடுகிறார்களே!”

அடுத்த நொடியே இன்னொன்று. “அந்த டாக்டர் ஏன் வெறும் கையோடு நிற்கிறார்? கையுறை எங்கே?”

கையுறை அப்போது வரவில்லை என்று விளக்கினேன். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், கிருமிநாசினி பட்டுத் தம்முடைய செவிலியரின் கை புண்ணானதைப் பார்த்துவிட்டு ரப்பர் கையுறை செய்யச் சொன்னதே இதற்குப் பிறகுதான். அத்தை ஒரு கணம் யோசித்தார். “டாக்டர் கைக்காக வரவில்லை, நர்ஸ் கைக்காக வந்திருக்கிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். எங்கே எழுதுவது என்று கேட்க எனக்குத் துணிவில்லை. ஆனால் அன்று முதல் யார் யாரைத் தொட்டாலும் “வெறும் கை” என்று ஒரு முனகல் வந்தபடி இருந்தது. கதாநாயகன் கதாநாயகியின் கன்னத்தைத் தொட்டபோதும் வந்தது.

இந்தத் தொடரை எடுத்தவர்கள் பெரிய மனிதர்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். காசநோய்க் கிருமியை 1882இல் உலகுக்குக் காட்டிய ராபர்ட் கோக் இருக்கிறார். கிருமிகளுக்கு நிறமேற்றிப் பார்க்கச் சாயங்களோடு மல்லுக்கட்டும் பால் எர்லிக் இருக்கிறார். கிருமியாவது ஒன்றாவது என்று முறைக்கும் முதியவர் விர்ச்சோவும் இருக்கிறார். அத்தை இவர்களில் ஒருவரையும் சரியாகப் பார்க்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் அவர்களுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த கட்டில்களை. கோக் நுண்ணோக்கியில் குனிந்து வரலாற்றுச் சிறப்புமிக்க ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார். “மூன்றாவது படுக்கையில் விரிப்பு மாற்றவில்லை” என்பார் அத்தை. ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தால், மாற்றித்தான் இருக்கவில்லை.

மார்த்தா என்று ஒரு தலைமைச் சகோதரி வருகிறார். கண்டிப்புக்காரர். பார்க்கிற யாருக்கும் அவரைக் கண்டால் எரிச்சல் வரவேண்டும் என்பதற்காகவே படைக்கப்பட்டவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை அவர் வரும்போதெல்லாம் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஈடா திட்டு வாங்கினால் “வாங்கட்டும், அப்போதுதான் வேலை வரும்” என்றார். ஊர் மருத்துவமனையில் இவரிடம் பயிற்சிக்கு வந்த பெண்களின் நிலைமையை நினைத்து நான் மனத்துக்குள் அனுதாபப்பட்டேன்.

எனக்குச் சோதனை வந்தது கோக்கின் காதல் வடிவில். ஊருக்கே பெரிய மனிதர், மணமானவர், ஹெட்விக் என்ற நாடக நடிகையிடம் மனம் போய்விட்டது. ஏறக்குறைய முப்பது வயது இளையவள். கற்பனை இல்லை, உண்மையாகவே நடந்தது. 1893இல் முதல் மனைவியைப் பிரிந்து அவளை மணந்தார். இருவரும் நெருங்கி நின்று கண்ணோடு கண் பார்த்துப் பேசும் வசனங்களை மாமியாரின் அருகில் உட்கார்ந்து எப்படித் தமிழாக்குவது?

“என்ன சொல்கிறார்?”

“கிருமிகளைப் பற்றி விளக்குகிறார், அத்தை.”

“இவ்வளவு மெதுவாகவா?”

“நுணுக்கமான விஷயம்.”

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “நைட் டூட்டி பார்த்தவள் நான், மாப்பிள்ளை. டாக்டர்கள் எப்போது கிருமியைப் பற்றிப் பேசுகிறார்கள், எப்போது பேசவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.” அதன் பிறகு அப்படிப்பட்ட காட்சி வந்தால் நான் தண்ணீர் குடிக்கப் போவது வழக்கமாயிற்று. உடம்புக்கு நல்லதுதான்.

1888 ஜெர்மனிக்கு மூன்று பேரரசர்கள் அமைந்த ஆண்டு. மார்ச்சில் முதலாம் வில்ஹெல்ம் தொண்ணூறு வயதில் இறந்தார். பட்டமேறிய மகன் மூன்றாம் பிரெடெரிக்குக்குத் தொண்டையில் புற்றுநோய். பேச்சு போய், தாள் துண்டுகளில் எழுதிக் காட்டியே 99 நாள் ஆண்டுவிட்டு ஜூன் 15 அன்று அவரும் போனார். புற்றுநோய்தான் என்று பெர்லின் அறுவை மருத்துவர் பெர்க்மன் சொல்ல, இல்லை என்று இங்கிலாந்திலிருந்து வரவழைத்த மெக்கன்சி சொல்ல, இருவருக்கும் நடந்த சண்டை நாடறிந்தது. நான் இதை மிகுந்த அரசியல் விளக்கத்தோடு சொன்னேன். இவர் பிழைத்திருந்தால் ஐரோப்பாவின் போக்கே மாறியிருக்கும் என்போர் உண்டு என்றெல்லாம்கூட எடுத்துவிட்டேன். அத்தை அதையெல்லாம் விட்டுவிட்டார். “இரண்டு பெரிய டாக்டர்கள் ஒரே கேஸ் ஷீட்டில் கை வைத்தால் நோயாளி பேரரசராக இருந்தாலும் இதுதான் கதி” என்றார். “மூச்சுக்காகத் தொண்டையில் வைத்த குழாயை யார் சுத்தம் செய்தார்கள்?” என்றும் கேட்டார். வரலாற்றாசிரியர்கள் இதைக் கவனித்திருக்கலாம்.

டியூபர்குலின் வந்தபோதுதான் அத்தை முதன்முறையாக மௌனமானார். காசநோய்க்கு மருந்து கண்டுவிட்டதாக கோக் 1890 ஆகஸ்டில், பெர்லினில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டில் கோடிகாட்டினார். நோயாளிகள் பெர்லினை நோக்கித் திரண்டார்கள். மருந்தில் என்ன இருக்கிறது என்பதைத் தொடக்கத்தில் அவர் சொல்லவே இல்லை. ஹெட்விக் தன் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதித்துக் காய்ச்சலில் கிடந்தாள். கடைசியில் நோய் குணமாகவில்லை. இறந்தவர்களை அறுத்துப் பார்த்து விர்ச்சோ அதன் தீங்கை எடுத்துக்காட்டினார். கோக்கின் பெயர் கெட்டது.

“பெயர் என்ன சொன்னீர்கள்?”

“டியூபர்குலின்.”

“அது எங்கள் வார்டு குளிர்பெட்டியில் இருந்ததே!”

அவர் சொன்னது சரிதான். மருந்தாகத் தோற்றது சோதனையாகப் பிழைத்துக்கொண்டது. 1908இல் பிரெஞ்சு மருத்துவர் மாண்டூ அதைத் தோலுக்குள் குத்திப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். அதுதான் நம் மருத்துவமனைகளில் இன்றும் மாண்டூ சோதனை. அத்தை என் முன்கையைப் பிடித்துத் திருப்பி, எந்த இடத்தில் குத்த வேண்டும், இரண்டு மூன்று நாள் கழித்து எப்படி அளக்க வேண்டும் என்று காட்டினார். சிவந்திருப்பதை அளக்கக் கூடாதாம், தடித்திருப்பதைத்தான் அளக்க வேண்டுமாம். திரையில் கோக் அவமானத்தில் குறுகி நிற்க, சோபாவில் அத்தை, “மனிதர் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்” என்று அவருக்காக வருத்தப்பட்டார். நடிகையின் விஷயத்தில்கூடச் சற்று இளகினார் என்றே நினைக்கிறேன்.

பெரிங்குக்கு இந்தச் சலுகை இல்லை. அவருடைய ஓபியம் பழக்கத்தை அத்தை பார்த்தவுடன் கண்டுபிடித்து, “சாவியை யாரிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்?” என்று நிர்வாகத்தைத் திட்டினார். டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிரான சீரம் மருந்துக்காக 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்குப் போனது, 1890 டிசம்பரில் அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதிய ஜப்பானிய மருத்துவர் கிடாசாட்டோவுக்கு ஒன்றுமில்லை என்று நான் சொன்னதும் கோபம் முற்றியது. “அந்த ஜப்பான் தம்பிக்கு ஒரு சான்றிதழாவது கொடுத்தார்களா?” அன்றிரவு சாப்பிடும்போதும் இதே பேச்சு.

கடைசிப் பகுதிக்கு மனைவி ஊர் திரும்பிவிட்டாள். “தள்ளுங்கள், நான் படித்துச் சொல்கிறேன்” என்று உட்கார்ந்தாள். கோக்கும் ஹெட்விக்கும் வந்தார்கள். இவள் ஒன்றையும் விடாமல், நிறுத்தக்குறி உட்பட, உரத்த குரலில் அப்படியே தமிழில் சொன்னாள். நான் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டேன். பிறகு அத்தையின் குரல் கேட்டது: “உனக்கு இதெல்லாம் வேண்டாம். மாப்பிள்ளையைக் கூப்பிடு. அவர் மரியாதையாகச் சொல்வார்.”

முடிவில் ஈடா டாக்டருக்குப் படிக்கக் கிளம்புகிறாள், சுவிட்சர்லாந்துக்கு. பெர்லின் அடங்கிய பிரஷ்ய மாநிலத்தின் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது 1908இல்தான். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்படியானால் வார்டில் ஒரு ஆள் குறைவு” என்றார் அத்தை.

இரண்டாவது சீசன் இருக்கிறது, அது 1943இல், போர்க்காலத்தில், அதே மருத்துவமனையில் தொடங்குகிறது என்று சொல்லி, போடட்டுமா என்று கேட்டேன்.

“கையுறை வந்துவிட்டதா?”

“வந்துவிட்டது, அத்தை.”

“போடுங்கள்.”