டிரைவர் சாமிக்குக் கன்னி மாலை

சாமியே சரணம் ஐயப்பா.

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்க் காசு பதினெட்டு வருஷமாகக் கிடந்தது. கார்த்திகை பிறந்தால் என் வீட்டுக்காரி அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். "சீசன் முடியட்டும்" என்பேன். சபரிமலை சீசன் முடிந்தால் பழனி, அது முடிந்தால் ராமேஸ்வரம், நவக்கிரகம் என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். போன கார்த்திகையில்தான், "ஏங்க, இப்பதான் ஸ்டியரிங்கை விட்டாச்சுல்ல. கொடுத்த வாக்கை எப்பங்க தீர்க்கப்போறீங்க?" என்றாள். முதல் தேதியே மாலை போட்டேன். அறுபத்திரண்டு வயதில் கன்னிச்சாமி, முதல் தடவை மலைக்குப் போகிறவன்.

மதுரையிலிருந்து டூரிஸ்ட் பஸ்ஸில் இருபத்து மூன்று சீசன் சாமிமார்களை ஏற்றிப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட மலை ஏறியதில்லை. தெரியாதவர்கள் ஆச்சரியப்படுவார்கள். டிரைவர்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க ஓட்டிப் போய்ச் சேர்ந்தால், அவர்கள் ஏறி இறங்குகிற நேரம்தான் நமக்குத் தூக்கம். அதை விட்டால் திரும்பும்போது ஐம்பது குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? வண்டியை விட்டு நகரவும் முடியாது. திடீரென்று வந்து தள்ளி நிறுத்தச் சொல்வார்கள், டீசல் திருட்டு வேறு. டிக்கியைத் திறந்துவைத்து, உள்ளே தூளி கட்டிப் படுத்துக்கொள்வேன். இறங்கி வருகிறவர்கள், "டிரைவர் சாமி, பிரசாதம்" என்று அரவணைப் பாயசமும் விபூதியும் கொண்டுவந்து கையில் வைப்பார்கள். தரிசனம் இல்லாமலே இருபத்து மூன்று வருஷம் அவன் பிரசாதம் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்தக் காசை முடிந்த கதையைச் சொல்கிறேன்.

2007 ஜனவரி மாதம், மகரஜோதிக்கு இரண்டு நாள் முந்தி. கம்பம், கம்பம்மெட்டு, முண்டக்கயம் வழியாக வந்து, எருமேலியில் சாமிமார்கள் கலர்ப்பொடி பூசி ஆடுகிற பேட்டை துள்ளல் முடிந்து புறப்படும்போது நடுராத்திரி தாண்டிவிட்டது. பிரேக் லைனிங் தேய்ந்திருந்தது. சீசன் முடிந்ததும் மாற்றலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். நானும் சரி என்று எடுத்துவந்துவிட்டேன், அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. எருமேலி தாண்டினால் கணமலை இறக்கம். அந்த இறக்கத்தின் பேரைக் கேட்டாலே எங்கள் லைன் டிரைவர்களுக்கு வயிறு கலங்கும். ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டிய இடம். பின்னாலிருந்து ஒருத்தன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான், நான் மூன்றாவதில் விட்டேன். பாதி இறக்கத்தில் லைனிங் கருகிற வாடை. பெடலை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருக்கிறது, வண்டி பிடிக்கவில்லை. இரண்டாவதுக்குத் தட்டினேன், விழவில்லை. வண்டி நியூட்ரலில் ஓடுகிறது. உள்ளே ஐம்பத்திரண்டு பேர் தூக்கத்தில்.

முன் சீட்டில் குருசாமி மட்டும் விழித்திருந்தார். என் முகத்தைப் பார்த்தவர், கத்தவில்லை. "சரணம் சொல்லு சாமி" என்றார். அவ்வளவுதான். நான் தொண்டை கிழியச் சரணம் சொல்லி, ஆக்ஸிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தித் திரும்பக் கியரைத் தள்ளினேன். கரகரவென்று இரண்டாவது விழுந்தது. எஞ்சின் அலறியது. ஸ்டியரிங்கை மலைப்பக்கமாக ஒடித்து, மண்சுவரில் உரசி உரசி நிறுத்தினேன். நின்ற பிறகும் என் வலது கால் பிரேக்கிலிருந்து எழவில்லை. குருசாமி குனிந்து தன் கையால் என் காலைத் தூக்கி எடுத்துவிட்டார். அடுத்த நாள் வீட்டுக்குப் போன் செய்தபோது அழுதுவிட்டேன். அன்றைக்கே அவள் காசு முடிந்தாள்.

அதற்கப்புறமும் எத்தனையோ ராத்திரிகள். 2011 ஜனவரி 14, புல்மேட்டில் ஜோதி பார்த்துத் திரும்பிய கூட்டத்தில் நெரிசல். நூறு பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள், அதில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. எங்கள் ஆட்கள் பம்பை வழியாகத்தான் ஏறியிருந்தார்கள். ஆனாலும் போன் கிடைக்காமல், பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய, பம்பைக்கு முந்தி வண்டிகள் நிற்கிற நிலக்கல்லில் நின்றேன். ஒவ்வொருத்தராக வந்து சேரச் சேரப் பேனாவால் டிக் போட்டேன். கடைசி டிக் போடும்போது மணி மத்தியானம் இரண்டு.

இப்போது அந்தக் குருசாமி இல்லை. அவர் மகன்தான் எனக்கு மாலை போட்டு இருமுடி கட்டினார். சின்னப் பையனாக என் வண்டியில் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தவர். நெய்த்தேங்காயில் நெய் ஊற்றும்போது என் கை நடுங்கியது. அவர் பிடித்துக்கொண்டார்.

வழியில் நடந்த அநியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். எருமேலியில் கன்னிச்சாமிகள் எடுத்துப்போகிற மர அம்பான சரக்கோலுக்கும் கலர்ப்பொடிக்கும் அவர்கள் வைத்ததுதான் விலை. நிலக்கல்லில் ஒருவன் வந்து, "ரெண்டாயிரம் குடுங்க, வரிசையில்லாம கொண்டுபோய் விடுறேன்" என்கிறான். ஒரு மண்டலம் விரதமிருந்து வருகிறவனிடம் இப்படிக் கேட்க எப்படி மனசு வருகிறது? 2018 வெள்ளத்தில் பம்பைக் கரையே உருமாறிப் போன பிறகு எங்கள் மாதிரிப் பெரிய வண்டிக்கு நிலக்கல்லோடு சரி, அங்கிருந்து கேரள அரசு பஸ்தான். அதில் ஏற ஒரு தள்ளுமுள்ளு. வயதான சாமிமார்களை நினைத்துத்தான் வருத்தம்.

நீலிமலை ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. அப்பாச்சிமேட்டில் அரிசி உருண்டை எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். யாரோ ஒரு பையன் சுக்குத் தண்ணீர் கொடுத்தான். சரங்குத்தியில் சரக்கோலைக் குத்தினேன். அதன்பிறகு வரிசை. பன்னிரண்டு மணி நேரம், ஒரு சாண் நகர்ந்து ஒரு மணி நேரம் நின்று, நடைப்பந்தல் வந்து சேர்ந்தபோது அதிகாலை. முழங்கால் இரண்டும் மரத்துவிட்டன. பாதி வழியில் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது, மறைக்கவில்லை. அப்புறம் பதினெட்டாம் படி கண்ணில் பட்டது. தொட்டுக் கும்பிட்டதுதான் தெரியும், போலீஸ்காரர் தோளைப் பிடித்துத் தூக்கித் தூக்கி விட்டதில் எந்தப் படியில் கால் வைத்தேன், எதில் வைக்கவில்லை, எதுவும் தெரியவில்லை.

சன்னதி. விளக்கு வெளிச்சத்தில் சின்ன உருவம், முழங்காலைச் சுற்றிய யோகப்பட்டம், சின்முத்திரைக் கை. எல்லாம் மூன்று நொடி. மகனுக்கு வேலை, மகளுக்குக் குழந்தை, வீட்டுக்காரி முட்டிவலி என்று நாற்பத்தோரு நாளாக மனசுக்குள் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. என் வலது கால் தானாகத் தரையை அழுத்திக்கொண்டு நின்றது, கணமலையில் அழுத்திய அதே அழுத்து. "வண்டி நின்னுருச்சு சாமி" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "நின்னுருச்சு சாமி, எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துட்டாங்க." பின்னாலிருந்து தள்ளினார்கள். கால் மட்டும் எழ மறுத்தது. குருசாமி மகன் இடுப்பைப் பிடித்து நகர்த்திக் கூட்டிப்போனார்.

ஐயப்பா, அன்றைக்கு அந்தக் கியரை விழ வைத்தது நீதானே. என் கை எத்தனை தடவை தட்டியும் விழாதது, உன் பேரைச் சொன்னதும் எப்படி விழுந்தது? அந்த ஐம்பத்திரண்டு பேரில் எத்தனை பேர் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள்! அவர்களுக்கு இன்றைக்கு வரைக்கும் விஷயமே தெரியாது. உனக்கும் எனக்கும் குருசாமிக்கும் தெரியும்.

மஞ்சள் துணியை அவிழ்த்து உண்டியலில் போட்டேன். காசு கறுத்துப் போயிருந்தது.

நெய்யபிஷேகம் முடிந்து, மாளிகைப்புறத்தம்மனைக் கும்பிட்டு இறங்கி நிலக்கல் வந்தபோது இருட்டிவிட்டது. வண்டி வரிசையில் எங்கள் வண்டியைத் தேடிக் கண்டுபிடித்தேன். டிக்கி திறந்திருந்தது, உள்ளே தூளியில் டிரைவர் தம்பி தூங்கிக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். எழுப்பி நெற்றியில் விபூதி பூசி, அரவணையைக் கையில் கொடுத்தேன். "எத்தனையாவது சீசன் சாமி?" என்றேன். "ஒன்பதாவது" என்றார். மேலே ஏறியிருக்கிறாரா என்று கேட்கவில்லை.

"அடுத்த கார்த்திகைக்கு மாலை போடுங்க சாமி. நான் கூட வர்றேன். வண்டிக்கு நான் காவல் இருக்கேன், நீங்க ஏறிட்டு வாங்க."