கண்டாங்கி வாங்கக் காரைக்குடிக்கு

எங்கள் வீட்டுப் பெண்கள் துணிக்கடையில் முதலில் விலையைக் கேட்பதில்லை. சேலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்போம், கரையை விரலால் தடவுவோம். ஆயாவுக்கு இருந்த பழக்கம் அம்மாவுக்கு வந்தது, எனக்கு வந்தது, இப்போது கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கும் வந்துவிட்டது.

ஆயா விரும்பிக் கட்டியது கண்டாங்கி. அதனால் அம்மா, மகள், நான் மூவரும் எழும்பூரில் பல்லவன் ரயில் ஏறிக் காரைக்குடி போனோம். தறியைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவது என்பது அம்மாவின் முடிவு.

தெரிந்தவர் ஒருவர் நெசவாளர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். குழித்தறி. கால்களைக் குழிக்குள் விட்டு மிதித்தபடி நெய்துகொண்டிருந்தார். கண்டாங்கிக்கு அழகே கட்டம்தான். நீளவாட்டில் ஓடும் பாவு நூலிலும் நிறம் மாற வேண்டும், குறுக்கே ஓடும் ஊடை நூலிலும் மாற வேண்டும். ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோவது நாடா; அரக்கு, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கொரு நாடா. கட்டம் முடிகிற இடத்தில் ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். நாலைந்து இழை கூடிப்போனால் கட்டம் சதுரம் தப்பிவிடும். அளவுகோல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, கண் கணக்குதான். மகள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

அம்மா கையோடு கொண்டுவந்திருந்த ஆயாவின் சேலையை அவரிடம் காட்டினார். நெசவாளர் ஓரத்தை இரு விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார்.

"இது தடி நூலும்மா. அப்ப ஆச்சிமாரு பின்கொசுவம் வச்சுக் கட்டுவாக. கொசுவம் விறைப்பா நிக்கணும்ல? இப்ப இம்புட்டுக் கனம் யாரும் கேக்குறதில்ல. மெல்லிசு நூல்தான் போடுறோம்."

அம்மாவுக்கு அது போதும். மகளைத் திண்ணையில் நிறுத்தி, சுடிதாருக்கு மேலேயே ஆயாவின் சேலையைக் கட்டிவிட்டார். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, கொசுவத்தைப் பின்னால் எடுத்து, அதன் மேல்விளிம்பு விசிறிபோல் வெளியே மடிந்து நிற்கும்படி செருகினார். நெசவாளர் வீட்டுப் பாட்டி எழுந்து வந்து, "இன்னும் இறுக்கிக் கட்டு தாயி" என்று தானே திருத்தினார். நடக்க இவ்வளவு வசதியா என்று மகளுக்கு ஆச்சரியம்! வேலை செய்கிற பெண்களின் கட்டு, வசதியாக இல்லாமல் இருக்குமா?

2019-இல் காரைக்குடி கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும் தறி ஓட வேண்டுமானால் நாம் வாங்கிக் கட்ட வேண்டும். அதே கட்டம் போட்ட விசைத்தறிச் சேலைகளும் கடைகளில் இருக்கின்றன. கைத்தறியா என்று கேட்டு வாங்குங்கள்.

மகள் எடுத்தது அரக்குக் கரை போட்ட மஞ்சள். அம்மா அடர்த்தியான நூலில் ஒன்று நெய்து தரச் சொல்லி முன்பணம் கொடுத்தார். அது வர நாளாகும், பரவாயில்லை.

அப்புறம், வாங்குகிறவர்களுக்கு அம்மா சொல்லும் பக்குவம்: முதல் சில தடவை கல்லுப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுங்கள். நிழலில் காயப்போடுங்கள். கஞ்சி மெலிதாக இருக்கட்டும்.