ஃபுனாஃபுட்டியில் பிப்ரவரி

பிப்ரவரி 1, 2024, வியாழன்

கடையில் வெங்காயம் இல்லை. பூண்டும் இல்லை. கப்பல் எப்போது வரும் என்று கேட்டால் அடுத்த வாரம் என்கிறார்கள். போன வாரமும் இதையேதான் சொன்னார்கள். அலமாரி நிறைய டின் மாட்டிறைச்சி, டின் மீன், பிஜி பிஸ்கட், நூடுல்ஸ், சீனி. துவாலு நாடு மொத்தத்துக்கும் நிலம் 26 சதுர கிலோமீட்டர், கடலோ பல லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தக் கடலில் சூரை பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் அரசுக்குப் பணம் கட்டிவிட்டு வருகின்றன. நாம் டின் மீனைக் காசு கொடுத்து வாங்குகிறோம். எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

அரிசிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மசக்கையில் அது கொதிக்கிற வாசனைதான் எனக்கு ஆகவில்லை. இவர் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே தொட்டி ஓரமாக வைத்துச் சமைக்கிறார்.

பிப்ரவரி 2, வெள்ளி

விடிவதற்கு முன்பே, தைவான்காரர்கள் நடத்தும் காய்கறித் தோட்டத்து வரிசையில் போய் நின்றேன். இவர் வேண்டாம் என்றார், கேட்கவில்லை. வெள்ளரிக்காயும் ஒரு கட்டுச் சீனக் கீரையும் கிடைத்தன. பின்னால் நின்றவர்களுக்குக் கீரை கிடைக்கவில்லை.

இங்கே மண் என்று ஒன்று கிடையாது, வெறும் பவளப்பொடி. இலைதழை, தென்னங்கழிவு, பன்றிச் சாணம் எல்லாம் போட்டு மக்கவைத்துத்தான் அந்தத் தோட்டத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். வரிசையில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. இன்னொரு தீவு நாடான நவூரு போன மாதம் தைவானை விட்டுவிட்டுச் சீனா பக்கம் போய்விட்டது. இங்கே தேர்தல் முடிந்து ஒரு வாரம் ஆகிறது, பழைய பிரதமர் தன் இடத்திலேயே தோற்றுவிட்டார். புதிதாக வருகிறவர் என்ன முடிவெடுப்பார் என்று தெரியவில்லை. "அவர்கள் போய்விட்டால் தோட்டத்தை யார் பார்ப்பார்கள்?" என்று ஒரு பாட்டி கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

வெள்ளரிக்காயை உப்பு மட்டும் தொட்டுத் தின்றேன். வயிற்றில் தங்கியது.

பிப்ரவரி 3, சனி

எதுவும் தங்கவில்லை. பிஸ்கட் கூட.

பிப்ரவரி 4, ஞாயிறு

கடை, சந்தை எல்லாம் மூடல். ஊரே தேவாலயத்தில். மதியம் பக்கத்து வீட்டு அம்மா தென்னோலைத் தட்டில் ஒரு பங்கு கொண்டுவந்தார். வேகவைத்த பலா, அதாவது நம் கறிப்பலா. சுட்ட மீன், தேங்காய்ப்பாலில் வெந்த கீரை, அப்புறம் ஃபெகெய்.

ஃபெகெய் செய்வதை நேற்று அவர் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பார்த்தேன். புலாக்காக் கிழங்கு ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தை கனம். தோலைச் சீவிவிட்டு, தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்ட துருவியில் துருவினார்கள். பச்சையாகத் தொட்டால் கை அரிக்கும், சேனை மாதிரியே. துருவலை இலையில் பொட்டலம் கட்டி வேகவைத்து, சூட்டோடு பிரித்துக் கட்டித் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைகிறார்கள். சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தது, லேசான இனிப்பு. வாசனையே இல்லை. அதனால்தானோ என்னவோ ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டேன். அந்த அம்மா நான் முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மீன் சாப்பிடலாமா கூடாதா, நாள் முழுக்க இதே யோசனை.

காயல் மீன் என்றால் சிகுவாடெரா பயம். பவளப்பாறைப் பாசியில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிரியிலிருந்து வருகிற நஞ்சு. சின்ன மீன் பாசியை மேயும், பெரிய மீன் அதைத் தின்னும், பாறையில் திரியும் பெரிய வேட்டை மீனில் போய் நஞ்சு சேரும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. வாசனையிலும் ருசியிலும் தெரியாது. வந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீர் சுடுகிற மாதிரி இருக்குமாம். எந்தப் பாறையில் எந்த மீனைத் தொடக்கூடாது என்று இங்கே பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஆழ்கடல் மீனில் அந்தப் பயம் இல்லை, பாதரசம் இருக்கிறது. பெரிய சூரையில் அதிகம். வரிச்சூரை சின்னது, கொஞ்ச நாள்தான் வாழ்கிறது, அதனால் குறைவு. டாக்டர் வாரத்தில் ஓரிரு நாள் சாப்பிடலாம் என்றார். சரி என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஓரிரு நாள் என்றால் எவ்வளவு, எத்தனை துண்டு என்று மறுபடி ஆரம்பித்துவிட்டது. இவரிடம் கேட்டேன். சைட்டிலிருந்து வந்த களைப்பில், "உனக்கு எது இறங்குதோ அதைச் சாப்பிடு" என்றார். அது பதில் இல்லை.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வரிச்சூரை, கைப்பிடி அளவு, வாரத்தில் இரண்டு முறை. முடிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

சமையல் வாசனை இல்லாமல் ஒரு வேளையாவது வேண்டும் என்று நான்தான் வெளியே கூப்பிட்டேன். இருப்பதோ நாலைந்து இடம். வையாகுவில் காயலைப் பார்த்தபடி அரசு ஓட்டல், ஓடுபாதையை ஒட்டி ஃபிலமோனா லாட்ஜ், அப்புறம் சீனர்களின் சாப்பாட்டுக் கடைகள். எங்கே போனாலும் ஒரே தட்டு: மலையாகக் குவித்த ஃபிரைட் ரைஸ், மேலே கோழி. ஒருவர் தட்டை இருவர் சாப்பிடலாம். மீன் இருக்கிறதா என்று உட்காருவதற்கு முன்பே கேட்கணும், காலையில் யாராவது பிடித்து வந்திருந்தால் உண்டு. இன்று இருந்தது. ஆனால் பச்சை மீனை எலுமிச்சையிலும் தேங்காய்ப்பாலிலும் ஊறவைத்தது. நான் தொடக்கூடாது. பக்கத்து மேஜையில் எலுமிச்சை வாசனை. அழுகை வந்துவிட்டது.

கார்டு எங்கேயும் செல்லாது, ஏடிஎம் என்பதே நாட்டில் இன்னும் வரவில்லை. ஆஸ்திரேலிய டாலரைக் கையில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடப் போகணும்.

திரும்பும்போது ஓடுபாதையில் நடந்தோம். சாயங்காலமானால் ஊரே அங்கேதான்: வாலிபால், ரக்பி, பாய் விரித்துப் பேசிக்கொண்டிருக்கும் கிழவர்கள். காற்று பலமாக இருந்தது.

பிப்ரவரி 9, வெள்ளி

ஊரில் இன்று தை அமாவாசை. தம்பி வேதாரண்யம் போயிருப்பான்.

பக்கத்து வீட்டில் வாழைக்காய் கேட்டேன். அரை சீப்பு வெட்டிக் கொடுத்தார்கள். இங்கே வாழைக்காயைத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பார்கள், நான் மிளகும் உப்பும் போட்டு வறுத்தேன். பருப்பு, சாதம், வாழைக்காய். அப்பாவுக்குப் பிடித்த மோர்க்குழம்பு இல்லை, தயிருக்கு எங்கே போவது. காக்கையே இல்லாத ஊர் இது. தொட்டித் திண்ணையில் வைத்தேன், கோழி வந்து தின்றது.

அரிசி வாசனை இன்று ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 10, சனி

தண்ணீர் வந்துவிட்டது.

அலை அடித்து வருவதல்ல. தரைக்குள்ளிருந்து வருகிறது. பவளத் தரை முழுக்கத் துவாரம், கடல் ஏறினால் கீழிருந்து குமிழ் விட்டுக்கொண்டு மேலே வரும். வீட்டுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். மண்ணில் சின்னச் சின்னக் கண்கள், ஒவ்வொன்றிலும் ஊற்று. நாக்கில் வைத்தால் உப்பு. அரை மணி நேரத்தில் கணுக்கால் அளவு. பக்கத்து வீட்டுப் பன்றிகள் கத்திக்கொண்டே இருந்தன. பையன்கள் சிரித்துக்கொண்டு நீந்துகிறார்கள், அவர்களுக்கு வருஷா வருஷம் பிப்ரவரியில் வருவதுதான்.

எனக்கு அந்த அம்மாவின் புலாக்காக் குழி ஞாபகம்.

பிப்ரவரி 12, திங்கள்

அந்த அம்மா குழியைப் பார்க்கக் கூட்டிப்போனார்.

ஆள் உயரத்துக்குக் கீழே தோண்டி, நல்ல தண்ணீர் கசிகிற மட்டத்தில் நட்டிருக்கிறார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கடல் நீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கும். அந்தப் படலத்தை நம்பித்தான் முழுப் பயிரும். செடியைச் சுற்றி ஓலையில் பின்னிய கூடை, அதற்குள் இலையுரம். எந்த இலை, எப்போது, எவ்வளவு என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரகசியம். யாருடைய கிழங்கு பெரிது என்று பெருமைப்போட்டி. இலை ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம்.

ஓரத்து இலைகள் மஞ்சளாகிக் கருகியிருந்தன. குழியின் ஒரு மூலையில் தண்ணீரை அள்ளி ருசி பார்த்தார், துப்பினார். எதுவும் சொல்லவில்லை. இந்தத் தீவில் பல குழிகள் உப்பேறிப் பல வருஷமாகிறது. அதற்கு முன்பே இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர்கள் ஓடுபாதை போட்டபோது தென்னைகளோடு புலாக்கா நிலமும் போனது. நாம் நடக்கிற, பிள்ளைகள் பந்து விளையாடுகிற அந்த இடம்தான். அந்த அம்மாவின் மாமியார் சொல்வாராம்.

மகனுக்கு ஆஸ்திரேலியா போக ஆசை. போன நவம்பரில் போட்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் வருஷத்துக்கு 280 பேர் போகலாம். "போகட்டும், நல்லதுதான்" என்றார். அப்புறம் கருகிய இலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். குழி ரகசியத்தை அவனிடம் சொல்லிவிட்டாரா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

கப்பல் இல்லை.

பிப்ரவரி 15, வியாழன்

அம்மா போனில்: "என்னடி சாப்பிட்ட?"

பப்பாளி என்று சொல்லாமல் விட்டேன். நான் சாப்பிடவில்லை, ஆனால் வீட்டில் இருக்கிறது. பழுத்த பப்பாளியாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், இங்கே எல்லாரும் சாப்பிடுகிறார்கள். அதை வெட்டவும் கை வரவில்லை, திருப்பிக் கொடுக்கவும் மனசு வரவில்லை. இவர் அலுவலகத்துக்கு எடுத்துப்போகிறார்.

தேங்காய்ப்பூ சாப்பிட்டேன் என்றதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். முளைவிட்ட தேங்காயை உடைத்தால் உள்ளே இருக்குமே, அதே தேங்காய்ப்பூ. நாகப்பட்டினத்தில் வண்டியில் வைத்து விற்பார்கள், இங்கே மரத்தடியில் கிடக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன் காலையிலும் மாலையிலும் மரமேறிக் கலேவே இறக்குகிறான். பாளையைச் சீவிச் சொட்டுகிற தெளிவு, புளிக்காதது. நாள் கடந்தால் கள். தோட்டமே இல்லாத தீவுகளில் வைட்டமின் சி இதிலிருந்துதான். காலையில் இறக்கியதை உடனே ஒரு குவளை குடிக்கிறேன், குமட்டல் நிற்கிறது. காய்ச்சிப் பாகாக்கி ஒரு குப்பியும் கொடுத்தார்கள். பலாவைச் சுட்டு அந்தப் பாகைத் தொட்டுச் சாப்பிட்டால் வேறு எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 17, சனி

நேற்று ராத்திரி காற்று கொஞ்சம் அடங்கியதும் படகில் விளக்கு கட்டிக் கிளம்பினார்கள். வெளிச்சத்துக்குப் பறந்து வரும் மீனை நீளக் காம்பு வலையால் அப்படியே அள்ளுவது. காலையில் வாசலில் ஒரு கோத்து தொங்கியது.

கோலா! வைகாசி, ஆனியில் எங்கள் கரையில் குவியுமே, அதே கோலா. இறக்கையை விரித்துப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி. புளி கடைசி உருண்டை இருந்தது, மொத்தமும் போட்டுவிட்டேன். வெங்காயம் இல்லாத குழம்பு. இவரும் நானும் பேசாமல் சாப்பிட்டோம். அந்த அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். உறைப்பில் கண் கலங்கிவிட்டதாம், கிண்ணம் காலியாக வந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

தேர்தலில் ஜெயித்தவர்களே இன்னும் வெளித்தீவுகளிலிருந்து வந்து சேரவில்லை. கடல் விடவில்லை. அவர்கள் வந்தால்தான் பிரதமரைத் தேர்ந்தெடுக்க முடியும். நாட்டுக்குப் பிரதமர் இல்லை, எனக்கு வெங்காயம் இல்லை, இரண்டுக்கும் காரணம் ஒரே காற்று.

டாக்டர் பிஜியின் தலைநகர் சுவாவில் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது என்றார். ஏன் என்று கேட்டதற்கு, பார்த்துவிட்டால் நல்லது என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஏன் அப்படிச் சொன்னார்?

பிப்ரவரி 22, வியாழன்

சரக்குக் கப்பல் காயலுக்குள் வந்துவிட்டது. இவர் வெங்காயம், உருளை, பூண்டு, நாலு ஆப்பிள் கொண்டுவந்தார். ஆப்பிள் உள்ளே கறுப்பு. வெங்காயத்தை நறுக்கியதும் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். இவ்வளவு நாள் காத்திருந்தது இதற்குத்தானா. இவர் எல்லாவற்றையும் மூட்டைகட்டி அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

தொட்டியில் தண்ணீர் தளும்புகிறது. 2011 வறட்சியில் ஒரு வீட்டுக்கு நாளுக்கு இரண்டு வாளி தண்ணீர்தான் கொடுத்தார்களாம். அப்போது குழந்தை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

பிப்ரவரி 24, சனி

விமானம் இறங்குமுன் ஓடுபாதையைக் காலி செய்யச் சொல்லும் சைரன் அடிக்கவில்லை. காற்றால் விமானம் வரவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

ஃபெலெட்டி தியோ பிரதமர். எதிர்த்து நிற்க யாரும் இல்லையாம். தைவான் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை. வரிசையில் நின்ற அந்தப் பாட்டியை ஓடுபாதையில் பார்த்தேன், கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார், பாதிதான் புரிந்தது.

பிப்ரவரி 28, புதன்

தைவானோடு உறவு தொடரும் என்று புது அரசு அறிவித்துவிட்டது. தோட்டம் இருக்கும். பெரிய பாரம் இறங்கியது போல இருக்கிறது, எனக்கென்ன அதில் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

நாளை சீட் இருக்கிறது என்கிறார்கள். அந்த அம்மா புலாக்காவை வேகவைத்து இலையில் கட்டிக் கொடுத்திருக்கிறார், வழியில் சாப்பிட. பிஜிக்குள் விடுவார்களா தெரியவில்லை, ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடணும். பாகுக் குப்பியை இவருக்கு விட்டுப்போகிறேன். டாக்டரிடம் இன்னொரு தடவை கேட்கப் போகணும், மூடுவதற்குள்