பேனல் கதவும் க்யூஎஃப்டியும்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி மின் பேனல்களுக்கான இரும்புப் பெட்டிகள் செய்கிறது. தரப் பிரிவு என் பொறுப்பு. "க்யூஎஃப்டி எல்லாம் பெரிய கார் கம்பெனிக்கு சார், நமக்கு எதுக்கு?" என்று இங்கே பலரும் கேட்கிறார்கள். க்யூஎஃப்டி (Quality Function Deployment) என்பது வாடிக்கையாளர் கேட்பதை நாம் அளந்து செய்யக்கூடிய அளவுகளாக மாற்றும் அட்டவணை முறை. நமக்குத்தான் அது அதிகம் தேவை என்பேன்.

ஜப்பானில் யோஜி அகாவோ 1960களில் யோசித்த முறை இது. 1972-இல் மிட்சுபிஷியின் கோபே கப்பல் கட்டும் தளத்தில் அதன் அட்டவணை பயன்பாட்டுக்கு வந்தது. கப்பலை ஆயிரக்கணக்கில் செய்து அடுக்க முடியாது; வாங்குபவர் கேட்டபடி ஒவ்வொன்றாகத்தான் கட்ட வேண்டும். நம் ஆர்டர்களும் அப்படித்தானே வருகின்றன?

அட்டவணையின் இடப்பக்கம் வாடிக்கையாளர் கேட்பது, அவர் சொன்ன வார்த்தையிலேயே. மேலே நாம் அளக்கக்கூடியவை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உறவின் வலுவுக்கு மதிப்பெண்: வலுவானதற்கு 9, நடுத்தரத்துக்கு 3, லேசானதற்கு 1. எல்லாவற்றுக்கும் மேலே கூரை போல ஒரு முக்கோணம்: அந்த அளவுகளில் எதைக் கூட்டினால் எது கெடும் என்பது அங்கே தெரியும்.

யாரைக் கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பர்ச்சேஸ் அதிகாரி "ஐபி 55, விலை குறைவு" என்பார், அவ்வளவுதான் (ஐபி 55 என்பது தூசி, தண்ணீர் நுழையாமல் தடுக்கும் தர அளவு). ஒயிட்ஃபீல்டு சைட்டில் வேலை செய்யும் திருப்பத்தூர் எலக்ட்ரீஷியன் ஒருவர் சொன்னார்: "ஒரு கையில டார்ச் இருக்குங்க சார். முட்டியால இடிச்சாத்தான் கதவு பூட்டுது." அதை அப்படியே எழுதினோம். அதற்கு நாம் அளக்கக்கூடியதாக மேலே எழுதியது கதவை மூடத் தேவைப்படும் விசை. கைப்பிடியில் ஸ்பிரிங் தராசை மாட்டி அளந்தோம்.

கூரையில் சிக்கல் வெளிப்பட்டது. கதவின் ஓரத்து ரப்பர் பட்டையான கேஸ்கெட் தடித்தால் தூசி நுழையாது, ஆனால் கதவு எளிதில் மூடாது. முன்பெல்லாம் இந்தச் சண்டை மாதிரிப் பெட்டி வந்த பிறகு டிசைனுக்கும் எங்களுக்கும் நடக்கும். இப்போது தகடு வெட்டுவதற்கு முன்பே தாளில் நடந்து முடிந்தது. மென்மையான கேஸ்கெட் போட்டோம். சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டுமென்று கதவின் வளைவுக் கோணத்தை இறுக்கினோம். அந்தக் கோணம் அடுத்தடுத்த அட்டவணைகள் வழியாக தகடு வளைக்கும் பெண்டிங் மெஷின் ஆபரேட்டரின் தாள் வரை போனது, காரணத்தோடு. காரணம் தெரிந்த ஆபரேட்டர் முதல் பீஸிலேயே கோணமானியை எடுக்கிறார்.

நூறு வரி அட்டவணை போடாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். இருபது வரி தாராளம். தரப் பிரிவு தனியே உட்கார்ந்து நிரப்பவும் கூடாது. சேல்ஸ், டிசைன், ஷாப் ஃப்ளோர் மூன்றிலிருந்தும் ஆள் வராவிட்டால் நான் கூட்டத்தையே தள்ளி வைத்துவிடுவேன்.